கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடில்லாதவர்களுக்காகச் சபைகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் நடத்தும் இல்லங்களைப் பற்றி, வாசலில் வந்து நிற்பவர் கேட்பது ஒன்று, அவரைக் கைபிடித்துக் கூட்டிவரும் தங்கை கேட்பது ஒன்று, காணிக்கை கொடுக்க வரும் சபையார் கேட்பது வேறொன்று. மூன்று தரப்புக்கும் சேர்த்து எழுதியது இது. இந்த ஊழியத்தில் இருப்பவன் என்பதால் என் சொந்த அபிப்பிராயங்களும் இடையிடையே வரும்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் இடம் தருவீர்களா?

இல்லை. படுக்கை காலியாக இருக்கிறதா, வருகிறவரால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா என்ற இரண்டை மட்டும்தான் சேர்க்கும்போது பார்க்க வேண்டும். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று மத்தேயு 25-ல் வருகிற இடத்தில் அந்த அந்நியன் எந்த மதம் என்ற பேச்சே இல்லை. நல்ல சமாரியன் உவமையிலும் அடிபட்டுக் கிடந்தவன் யாருடைய மகன், என்ன தொழில் என்று ஒரு விவரமும் கிடையாது. விண்ணப்பப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்தால், இறப்பு நேர்ந்தால் எந்த முறைப்படி அடக்கம் செய்வது என்பதைத் தெரிந்துகொள்ள மட்டுமே அது இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபக்கூட்டத்தில் உட்கார வேண்டுமாமே?

சில இடங்களில் இன்றும் அப்படித்தான். பழைய மிஷன் கூடங்களில் முதலில் பிரசங்கம், பிறகுதான் சூப். இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பினர் "சூப், சோப்பு, இரட்சிப்பு" என்று வேறொரு வரிசையைச் சொன்னார்கள். வயிறு காய்ந்து கிடப்பவனிடம் சுவிசேஷம் பேசிப் பிரயோஜனமில்லை என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

என் கருத்து இதில் தெளிவானது. உணவுக்கும் படுக்கைக்கும் ஆராதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. கட்டாயத்துக்கு வருகிறவர் கடைசி வரிசையில் தூங்குவார், அது பரவாயில்லை. நடிக்கக் கற்றுக்கொள்வதுதான் மோசம். எந்த இடத்தில் எப்போது கண்ணீர் விட்டால் இன்னொரு வாரம் தங்கலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் உண்டு. அவர்களைக் கோபித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. படுக்கைக்கு அந்த விலையை எழுதி ஒட்டியது நாம்தானே.

இரண்டு வகை இல்லங்கள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, இன்றிரவு தலைசாய்க்க இடம் தரும் அவசரத் தங்குமிடம். மற்றது, மாதக்கணக்கில், பெரும்பாலும் ஓர் ஆண்டு வரை நடக்கும் மறுவாழ்வுப் பயிற்சி. அதில் வேதாகம வகுப்பும் கால அட்டவணையில் ஓர் அங்கம். இரண்டாவதில் அப்படி இருப்பதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் சேருவதற்கு முன்பே அதை எழுத்தில் காட்ட வேண்டும். 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்பவரை அன்றிரவே தெருவுக்கு அனுப்பவும் கூடாது. அரசுப் பணம் வாங்கினால் சட்டமும் குறுக்கே வரும். உதாரணமாக அமெரிக்காவில், மத்திய அரசின் நேரடி நிதியில் நடக்கும் சேவையைப் பெற மத நிகழ்ச்சியில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

அப்படியானால் 'கிறிஸ்தவ' இல்லம் என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி. தூக்கம் வராமல் விடியற்காலையில் எழுந்து வருகிறவருக்கு ஜெப அறை பூட்டாமல் இருக்கும். கேட்டால் கூட உட்கார்ந்து ஜெபிக்க ஆள் இருப்பார். யாருமில்லாமல் இறந்துபோகிறவரை நல்லடக்கம் செய்து, அவர் பெயரைச் சபையில் வாசிப்பார்கள். செய்த காரியங்களை நினைத்துக் குமைகிறவரிடம், மன்னிப்பு உண்டு என்று கூச்சமில்லாமல் சொல்ல முடியும். கட்டாயம் இல்லாத இடங்களில்தான் 'எனக்காக ஜெபம் பண்ணுங்கள் ஐயா' என்று அவர்களாக வந்து கேட்பதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த மாதிரி இல்லங்கள் எப்போது தொடங்கின?

ரொம்பப் பழைய காரியம். நாலாம் நூற்றாண்டிலேயே, இன்றைய துருக்கியில் இருந்த செசரியாவின் ஆயராயிருந்த பசிலியார், ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஊருக்கு வெளியே பெரிய இல்லத் தொகுதி ஒன்றைக் கட்டினார். பெனடிக்ட் மடங்களின் ஒழுங்குநூல், வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவைப் போலவே வரவேற்கச் சொல்கிறது.

இன்று நாம் பார்க்கிற வடிவம் 19-ஆம் நூற்றாண்டு நகரங்களில் உருவானது. 1865-ல் கிழக்கு லண்டனில் வில்லியம் பூத்தும் கேத்தரின் பூத்தும் தொடங்கிய ஊழியம் 1878-ல் இரட்சணிய சேனை என்று பெயர் பெற்றது. அமெரிக்காவில் 1872-ல் நியூயார்க்கின் வாட்டர் தெருவில் மிஷன் திறந்தவர் ஜெரி மெக்காலி. அவர் ஆற்றங்கரைத் திருடராக இருந்து, சிங் சிங் சிறையில் மனந்திரும்பியவர். அவருடைய மனைவி மரியாவும் அதே வாழ்க்கையிலிருந்து மீண்டவர்தான். கரையேறியவனே மற்றவனுக்குக் கைகொடுப்பது என்கிற மரபு அங்கே வேர்பிடித்தது. 1933-ல் டாரதி டேயும் பீட்டர் மாரினும் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கி, விருந்தோம்பல் இல்லங்களை நடத்தினார்கள். அங்கே உதவுகிறவரும் உதவி பெறுகிறவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே மேசையில்.

முதல் நாள் வந்தால் என்ன நடக்கும்?

நல்ல இல்லத்தில் படிவம் கடைசியில்தான் வரும். முதலில் தண்ணீர், சூடாக ஏதாவது சாப்பிட, கழிப்பறை. அப்புறம் கால்.

காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெருவில் இருக்கிறவர் இரவில் காலணியைக் கழற்றமாட்டார். கழற்றினால் காலையில் இருக்காது. வாரக்கணக்கில் ஈரத்தோடு கிடந்த காலுறை தோலோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கத்தரிக்கோலால் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித்தான் எடுப்பார்கள். தண்ணீரின் சூட்டை உதவுகிறவர் தன் கையால் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சுடுவது தெரியாது, புண் இருப்பதும் தெரியாது. இந்த நேரத்தில் இருவரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர் பெயர் சொல்லித் தேடுவது அந்த ஊழியரைத்தான்.

அடுத்தது பை. அவரிடம் இருக்கும் பிளாஸ்டிக் பையில் நமக்குக் குப்பையாகத் தெரிவது அவருடைய மொத்த உடைமை. மூட்டைப்பூச்சி பயத்தால் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தோ, அதிகச் சூட்டில் உலர்த்தியோதான் உள்ளே எடுத்துக்கொள்ள முடியும். அதை அவர் கண்முன்னே செய்து, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

படிவத்தில் முதலிரவு கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: எப்படிக் கூப்பிடலாம், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும். 'எப்படி இந்த நிலைமைக்கு வந்தீர்கள்?' என்பது அன்றைய கேள்வி இல்லை.

கட்டில் கொடுத்தும் என் அண்ணன் தரையில் படுக்கிறாராம். ஏன்?

வழக்கமாக நடப்பதுதான். காலணியைக் கையில் கட்டிக்கொண்டு தூங்குவார்கள், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். வெளியே ஆழ்ந்து தூங்கினால் அடியோ திருட்டோ நிச்சயம் என்று உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. அது மறக்க நாளாகும். முதல் சில நாட்கள் பகலெல்லாம் தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தூக்கம் தீராமல் வேலை தேடும் பேச்சை எடுத்தால் ஒன்றும் காதில் ஏறாது.

குடித்துவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

இல்லத்துக்கு இல்லம் வேறுபடும். முழு மதுவிலக்கு வைத்திருக்கிற இல்லங்கள் உண்டு. உள்ளே குடிக்கக் கூடாது, தகராறு செய்யக் கூடாது, மற்றபடி வரலாம் என்கிற இல்லங்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. குடியை விட்டு மூன்று மாதம் ஆனவருக்குப் பக்கத்துக் கட்டிலில் சாராய வாடை வீசினால் அவர் பாடு திண்டாட்டம்.

எந்த இல்லமானாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நிறுத்திய ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாட்களுக்குள் புத்தி பேதலித்து, இல்லாத உருவங்கள் தெரிகிற கடுமையான நிலை வரலாம். இதற்கு மருத்துவமனையும் மருந்தும் தேவை. 'ஜெபத்தாலேயே நிறுத்திவிட்டோம்' என்று பெருமை பேசும் இல்லத்தில் உங்கள் வீட்டு ஆளைச் சேர்க்காதீர்கள். ஜெபம் பண்ணட்டும், ஆம்புலன்ஸையும் கூப்பிடட்டும். மனநோய்க்கான மாத்திரைக்கும் இதே பேச்சு பொருந்தும். 'விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு' என்று ஓர் ஊழியர் சொன்னால் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்?

தனிக் கட்டடம், குறைந்தபட்சம் தனி வாசல். வளர்ந்த ஆண்பிள்ளை இருக்கிற தாயைப் பெண்கள் பகுதியில் சேர்க்க மறுப்பதால் குடும்பம் பிரிகிறது. எனவே குடும்ப அறை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

என்னிடம் ஒரு ஆவணமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுவாழ்வில் பாதி வேலை இந்த ஆவண மேசையில்தான் நடக்கிறது என்பேன். முகவரி இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது, அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் வராது, சம்பளம் இல்லாமல் வாடகைக்கு வீடு கிடைக்காது, வீடில்லாமல் முகவரி இல்லை. இந்த வட்டத்தை ஏதாவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். பெரும்பாலும் வெட்டுகிற இடம் முகவரிதான். 'இன்னார் எங்கள் இல்லத்தில் தங்கியிருக்கிறார்' என்று முத்திரையோடு தரும் கடிதமும், அவர் பெயருக்கு வரும் தபாலை வாங்கி வைக்கிற ஏற்பாடும் அதற்கு உதவும். பிறப்புச் சான்று எங்கே என்று தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவேடு எல்லாம் துருவிப் பார்க்க வேண்டும். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவராயிருந்தால், அந்தப் பழைய பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு எழுதிக் கேளுங்கள். துணைச் சான்றாக அதை ஏற்கிற நாடுகள் உண்டு.

அட்டை கைக்கு வந்ததும் நகல் எடுத்து இல்லத்தின் கோப்பில் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். மூல ஆவணத்தை இல்லம் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்வது மட்டும் கூடாது. அது அவருடையது; பூட்டுள்ள பெட்டியும் சாவியும் அவரிடம் இருக்க வேண்டும்.

இல்லத்தில் வேலை வாங்குவார்களா? சம்பளம் உண்டா?

தன் கட்டிலைச் சரிசெய்வது, முறை வைத்துப் பாத்திரம் கழுவுவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் எந்த வீட்டிலும் இருப்பதுதான். அதற்கு மேலே போனால் கவனம் தேவை. பழைய பொருட்களைப் பழுதுபார்த்து விற்கிற கடை, அச்சகம், தச்சுப் பட்டறை என்று இல்லங்கள் தொழில் நடத்துவதில் நன்மை உண்டு. பிரான்சில் 1949-ல் ஆபே பியேர் என்ற கத்தோலிக்கக் குரு தொடங்கிய எம்மாவுஸ் குழுக்கள் இப்படித்தான், மற்றவர்கள் வேண்டாமென்று எறிந்ததைச் சேகரித்து விற்று, கையேந்தாமல் வாழ்ந்தன. 'நான் சம்பாதித்துச் சாப்பிடுகிறேன்' என்ற நினைப்பு ஒருவரை நிமிர்த்துகிற அளவுக்கு எந்த ஆலோசனையும் நிமிர்த்துவதில்லை.

ஆனால் ஊழியம் என்ற பெயரில் இலவச உழைப்பு வாங்குவதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அலாமோ அறக்கட்டளை என்ற கிறிஸ்தவ அமைப்பு, போதையிலிருந்தும் குற்றவாழ்விலிருந்தும் மீண்டவர்களைத் தன் வியாபாரங்களில் வேலைக்கு வைத்துக்கொண்டு உணவு, உடை, உறைவிடம் மட்டும் தந்தது. அவர்கள் தொண்டர்கள் என்று வாதாடியது. வேலை செய்தவர்களே அப்படித்தான் சாட்சி சொன்னார்கள். 1985-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவர்கள் தொழிலாளர்கள்தான், ஊதியச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேளுங்கள்: வருமானம் வருகிற வேலையா? ஆம் என்றால் என் பங்கு எவ்வளவு? எழுதித் தருவீர்களா?

கையில் வரும் பணத்தை என்ன செய்வது?

அவர் பெயரிலேயே கணக்கு, அவர் கையிலேயே அட்டை. குடியிலிருந்தோ சூதிலிருந்தோ வெளியே வருகிறவர்கள் சிலர், 'என்னிடம் கொடுக்காதீர்கள், நீங்களே வைத்திருங்கள்' என்று கெஞ்சுவார்கள். அப்படிக் கேட்டால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ரசீது போட்டு, அவர் கேட்ட நாளில் கேள்வி கேட்காமல் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பதுதான் முதல் இலக்கு. பழைய கடன், நீதிமன்ற அபராதம் இருந்தால் ஒளிக்காமல் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். முதல் சம்பளத்திலேயே பிடித்தம் விழுந்தால் மனம் உடைந்து வேலையை விட்டுவிடுவார்கள்.

என் கணவர் அங்கே இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். நான் அவருடைய மனைவி!

உங்கள் தவிப்பு புரிகிறது, அம்மா. ஆனால் அவர்கள் செய்வது சரி. அடிக்குப் பயந்து ஓடிவந்தவர்களும் உள்ளே இருக்கிறார்கள். தேடுகிறவர் யாரென்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. 'இருக்கிறார்' என்றும் சொல்லமாட்டார்கள், 'இல்லை' என்றும் சொல்லமாட்டார்கள். உங்கள் பெயரையும் எண்ணையும் செய்தியையும் கொடுத்துவையுங்கள். இருந்தால் அவரிடம் சேர்ப்பார்கள்; பேசுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிக்கிற நாம், குடும்பத்தைச் சேர்த்துவைக்க அவசரப்படுகிறோம். சிலருக்குத் திரும்பிப் போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

உள்ளே தவறு நடந்தால் யாரிடம் சொல்வது?

வார்டன்மேல் புகார் இருந்தால் வார்டனைத் தாண்டிப் போகிற வழி ஒன்று சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளியாள் ஒருவரின் எண்ணும் காவல்துறையின் எண்ணும் கட்டாயம் வேண்டும். 'நம்ம பாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை' என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. மேலே சொன்ன ஆபே பியேர் பிரான்சில் மகான் போலக் கொண்டாடப்பட்டவர், 2007-ல் இறந்தார். அவர்மீது பெண்கள் சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளை 2024-ல் எம்மாவுஸ் இயக்கமே விசாரிக்கச் செய்து பகிரங்கமாக வெளியிட்டது. ஸ்தாபகரின் பெயரைக் காப்பாற்றுவதைவிட வந்து சொன்னவர்களைக் கேட்டார்களே, அது முன்மாதிரி.

எவ்வளவு நாள் தங்கலாம்? நேரே ஒரு வீட்டையே கொடுத்துவிட்டால் என்ன?

முதல் கேள்விக்கு, அவசரத் தங்குமிடத்தில் நாட்கணக்கு, பயிற்சி இல்லத்தில் மாதக்கணக்கு. இரண்டாவதைத்தான் எங்களைப் போன்றவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் திருந்து, குடியை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு என்பது பழைய படிக்கட்டு. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதைத் தலைகீழாக்கினார்: கடுமையான மனநோயோடு தெருவில் இருந்தவர்களுக்கு முதலில் சாவி, மற்ற உதவியெல்லாம் வீட்டுக்குள் போனபிறகு. சாவி வாங்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். பின்லாந்து 2008 முதல் இதையே தேசியக் கொள்கையாக்கியது. அங்கே ஹெல்சின்கியில் இரட்சணிய சேனை நடத்திய பெரிய விடுதி ஒன்று, வரிசைக் கட்டில்களை எடுத்துவிட்டு, சுமார் 80 தனி வீடுகளாக மாற்றப்பட்டது. ஒரு கிறிஸ்தவ அமைப்பு தன் பொதுக்கூடத்தையே கலைக்கத் துணிந்தது எனக்குப் பிடித்த செய்தி.

வீடு கொடுக்க முடிகிற இடத்தில் வீட்டையே கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. தனிமையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடத்தில் இருமலும் சண்டையுமாகக் கிடந்தவர், பூட்டிய அறையின் அமைதியைத் தாங்காமல் பழைய கூட்டாளிகளைத் தேடிப் போவதுண்டு. அங்கேதான் சபைக்கு வேலை இருக்கிறது: வாரம் ஒருமுறை கதவைத் தட்டுவது, மருத்துவரிடம் கூடப் போவது, பிறந்தநாளை நினைவு வைப்பது.

எல்லாம் செய்தும் திரும்பத் தெருவுக்கே போய்விட்டாரே?

போவார்கள், வருவார்கள். பலருக்கு ஒரே முயற்சியில் நிலைப்பதில்லை. திரும்பி வருகிறவரிடம் முதல்நாள் கேட்ட அதே கேள்விகள்தான்: சாப்பிட்டீர்களா, கால் எப்படி இருக்கிறது. கதவில் வைத்தே கணக்குக் கேட்டால் அடுத்தமுறை வரமாட்டார். ஒரு மருத்துவ எச்சரிக்கையும் உண்டு. ஹெராயின் போன்ற போதையைச் சில வாரம் நிறுத்தியவர், பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது. சாவின் ஆபத்து மிக அதிகமாவது அந்தச் சமயத்தில்தான். கிளம்பிப் போகிறவரிடம் கோபத்தில் பேசாமல், இதைச் சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் வாலிபர் கூட்டம் ஒருநாள் வந்து ஊழியம் செய்யலாமா?

வரலாம். படம் எடுக்காதீர்கள். சாப்பாடு பரிமாறும் கையைப் படம் பிடித்துப் போடுவதில் வாங்குகிறவரின் முகமும் விழுந்துவிடுகிறது. அவருடைய மகள் அதைப் பார்க்கக்கூடும். யாரையும் மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். நன்கொடை தந்தவர்கள் முன்னால் 'இல்லை' என்று சொல்ல அவருக்குத் தைரியம் வராது. ஒருநாள் முப்பது பேர் வருவதைவிட, ஒரே ஆள் மாதாமாதம் வந்து படிவம் நிரப்பவோ கணினி சொல்லிக்கொடுக்கவோ உட்காருவது எங்களுக்குப் பெரிய உதவி.

எதைக் கொடுக்கலாம்?

புதிய உள்ளாடை, புதிய காலுறை, மாதவிடாய்ப் பஞ்சு, படிக்கும் கண்ணாடி, பூட்டு. பழைய உடைகள் எல்லா இடத்திலும் குவிந்து கிடக்கின்றன, கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். பணமாகத் தந்தால், 'படுக்கைக்கு மட்டும்' என்று கட்டுப்போடாதீர்கள். சான்றிதழ் கட்டணம், நேர்காணலுக்குப் போகப் பயணச்செலவு, பல் கட்டுவது, முதல் மாத வாடகை ஆகியவற்றுக்குத் தர யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தச் சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததோடு, அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். வருடக் கடைசியில் கணக்கு அறிக்கை கேளுங்கள். தயங்காமல் தருகிற இல்லத்துக்கே அடுத்த வருடமும் கொடுங்கள்.